கடற்கரைக்கு மணலே மூலதனம்

(கடலோரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மாமல்லபுரம் தொடங்கி மரக்காணம் வழியாகப் புதுச்சேரி வரையில் நீண்டு கிடக்கும் கடற்கரையில் உல்லாசப் பயணிகள் வந்து இறங்காத ஊர் இன்று குறைவு. கிழக்குக் கடற்கரைச் சாலை சீர்பெற்ற பிறகு, சனி ஞாயிறுகளில் நகரத்து மக்கள் கூட்டங் கூட்டமாக வருகின்றனர். அவர்களால் ஊருக்கு வருமானம் உண்டாகிறது; இளைஞர்களுக்கு வேலை கிடைக்கிறது. “எங்கள் கடற்கரையையும் முன்னேற்ற வேண்டும், அதற்கு என்ன திட்டம் போடலாம்?” என்று பல பஞ்சாயத்துகள் கேட்பதை நாம் காண்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனால் இக்கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை நமக்கு முழு நிறைவு தருவதாயில்லை. நுழைவாயில் வளைவு, சிமெண்டு நடைபாதை, வண்ண விளக்கு, வாயைத் திறந்து நிற்கும் கான்கிரீட் மீன் ஆகிய இவையே ‘கடற்கரை அபிவிருத்தி’ என்று கருதப்படுகின்றன. திறப்பு விழாவன்று அவை கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் சென்ற பிறகு போய்ப் பார்த்தால், உப்புக் காற்றில் கம்பி துருவேறி வெளியே தெரியும். நடைபாதையின் அடியில் மணல் கரைந்து பலகை பலகையாகச் சரிந்து கிடக்கும். விளக்கும் கழிப்பிடமும் குடிநீரும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவை அவசியம். ஆனால் வருபவர்கள் எதைத் தேடி வருகிறார்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். வளைவையும் கான்கிரீட் மீனையும் அவர்கள் தங்கள் நகரத்திலேயே காணலாம். கால் புதைய நடக்கும் மணலையும், அதன் மேல் வந்து விழும் அலையையும் தேடியே அவர்கள் நெடுந்தூரம் வருகிறார்கள். மணல் போய்விட்டால் வருபவர்களும் போய்விடுவர். அதற்கு முன்னரே நம் மீனவர்களின் வலையும் படகும் வீடும் போய்விடும். ஆகவே கடலோர ஊரின் திட்டம் மணலிலிருந்து தொடங்க வேண்டும்.

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிலையாகக் கிடப்பதில்லை. நமது கிழக்குக் கரையில், ஆண்டின் பெரும்பகுதியில், அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதுகின்றன. ஒவ்வோர் அலையும் சிறிது மணலை வடக்கு நோக்கித் தள்ளிச் செல்லும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மூன்று நான்கு மாதங்களில் இது தெற்கே திரும்பும். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே நகர்ந்து செல்வது தெரியும். இன்று நம் ஊர்க் கரையில் கிடக்கும் மணல் நேற்றுத் தெற்கே உள்ள ஊரில் இருந்தது. நாளை வடக்கே உள்ள ஊருக்குப் போகும். கால்வாயில் ஓடும் நீருக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. தலைமடையில் ஒருவர் அணை போட்டால் கடைமடையில் பயிர் காயும் என்பதை விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். வடக்கே சென்ற மணலை அச்சுவர்கள் தடுத்தன. தெற்கே மணல் குவிந்து குவிந்து இன்று நாம் காணும் அகன்ற மெரினா உண்டாயிற்று. அதே காரணத்தால் வடக்கே ராயபுரத்துக் கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. அங்கே கல் கொட்டும் வேலை தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. மெரினாவின் அழகைப் பாராட்டாதவர் இல்லை. அதற்கு விலை கொடுத்தவர்கள் வடசென்னை மீனவர்கள் என்பதைச் சொல்பவர் மிகச் சிலரே.

நூறாண்டு கழித்து அதே பாடம் புதுச்சேரியில் நடந்தது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காக இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் சேரும் மணலை எடுத்து வடக்கே விட வேண்டும் என்பது அத்திட்டத்திலேயே சேர்ந்திருந்தது. அது இடைவிடாமல் நடைபெறவில்லை. சில ஆண்டுகளில் நகரத்தின் முன்னிருந்த மணற்பரப்பு மறைந்தது. காந்தி சிலையைச் சுற்றி மாலையில் மணலில் உட்கார்ந்து பழகிய மக்களுக்குக் கருங்கல் குவியல் மட்டுமே எஞ்சிற்று. கடற்கரையைப் பார்க்க வந்தவர்கள் சாலையில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

நகரத்தைக் காக்கக் கல் கொட்டப்பட்டதும், அரிப்பு அதற்கு வடக்கே தாவிற்று. வைத்திக்குப்பம், சோலை நகர், பிறகு எல்லை தாண்டி விழுப்புரம் மாவட்டத்தின் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஒவ்வோர் ஊராகக் கடல் தொட்டுக்கொண்டு போயிற்று. கரைவலை இழுக்க இடமில்லை. படகு ஏற்ற இடமில்லை. வீடு இழந்தவர்கள் பலர். தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன. அங்கெல்லாம் மக்கள் கேட்டது கல்தான். வீடு இடிந்து விழும்போது ஒருவர் கல் கேட்பதைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. கல் இன்று ஒரு வீட்டைக் காக்கும் என்பதும் உண்மையே. ஆனால் கல்லில் மோதிய அலை அதன் அடியிலுள்ள மணலை வாரிச் செல்வதும், கல் முடியும் இடத்திற்கு அப்பாலுள்ள கரை இன்னும் விரைவாகக் கரைவதும் அதே அளவு உண்மை. ஓர் ஊருக்கு அளித்த கல், அடுத்த ஊருக்கும் கல் வேண்டும் என்ற மனுவை எழுதி வைத்து விடுகிறது.

2018ஆம் ஆண்டில் புதுச்சேரியில் வேறொரு முயற்சி நடந்தது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, தலைமைச் செயலகத்திற்கு எதிரே கடலுக்குள், நீர்மட்டத்திற்குக் கீழே, முக்கோண வடிவில் பெரிய எஃகு அமைப்பு ஒன்று இறக்கி அமர்த்தப்பட்டது. அலையின் வேகத்தை அது கரைக்கு வெளியிலேயே தணித்துவிடும். தணிந்த நீரில் மணல் படியும். துறைமுகத்தில் தூர்வாரிய மணலும் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நகரத்தின் முன்னே மக்கள் இறங்கி நடக்கும் மணல் மீண்டும் தோன்றியது. பிள்ளைகள் அதில் வீடு கட்டி விளையாடினார்கள். வணிகர்களும் விடுதிக்காரர்களும் மகிழ்ந்தனர். ஒரு காலத்தில் வீண் ஆசை என்று பலர் ஒதுக்கிய காரியம் கைகூடியது பாராட்டத்தக்கதே.

எனினும் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஃகு அமைப்பு மணலை உண்டாக்குவதில்லை. வருகிற மணலைப் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவே. மணல் தெற்கேயிருந்து துறைமுகத்தைக் கடந்து வந்துகொண்டே இருந்தால்தான் நகரமும் பிழைக்கும், வடக்கேயுள்ள மீனவர் குப்பங்களும் பிழைக்கும். நகரத்தின் கரை நிரம்பிவிட்டது என்று மகிழும்போது, பொம்மையார்பாளையத்தின் கரை நிரம்பியதா என்றும் கேட்பதே சரியான கணக்கு.

இவ்வாறு கணக்குப் பார்த்த ஓர் இடத்தைச் சொல்கிறோம். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் கோல்டு கோஸ்ட் என்ற பெயர்பெற்ற உல்லாசக் கடற்கரை இருக்கிறது. அதற்குத் தெற்கே ட்வீட் என்னும் ஆறு கடலில் கலக்கிறது. படகுகள் இடரின்றிச் செல்வதற்காக 1960களின் தொடக்கத்தில் ஆற்று வாயின் இரு சுவர்களையும் கடலுக்குள் நீட்டினார்கள். அங்கும் மணல் தெற்கிலிருந்து வடக்கே செல்வதுதான் இயல்பு. சுவர்களின் தெற்கே மணல் தேங்கிற்று; வடக்கே, 1967ஆம் ஆண்டின் புயல்களில், பெயர்பெற்ற கடற்கரைகள் கரைந்து போயின. ஆறு ஒரு மாநிலத்தைச் சேர்ந்தது, கெட்டுப்போன கடற்கரை அடுத்த மாநிலத்தைச் சேர்ந்தது. யார் செலவு செய்வது? இரு மாநிலங்களும் பேசி, 1995இல் சட்டமே இயற்றி, செலவைப் பகிர்ந்துகொண்டன. ஆற்றின் தெற்கே கடலுக்குள் ஒரு பாலம் அமைத்து, அதன் அடியில் இறைக்கும் கருவிகளைப் பொருத்தி, மணலை நீரோடு கலந்து, ஆற்றின் அடியில் செல்லும் குழாய் வழியாக வடக்கே கொண்டு சேர்க்கிறார்கள். 2001 முதல் இது நடக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் கன மீட்டர் மணல் இவ்வாறு போகிறது. தொடக்கத்தில் மணல் மிகுந்து, கிர்ரா என்ற கடற்கரை வேண்டியதற்கு மேல் அகன்றுவிட்டது என்று முறையிட்டவர்களும் உண்டு. அதற்கேற்ப அளவைத் திருத்திக் கொண்டார்கள். நமக்கும் புதுச்சேரிக்கும் இடையில் உள்ளதும் ஓர் எல்லைக் கோடுதானே? மணலுக்கு அக்கோடு தெரியாது.

துறைமுகத்து மணலை நம் பஞ்சாயத்துகள் இறைக்க முடியாது என்பது உண்மை. அதை வற்புறுத்திக் கேட்க முடியும், அவ்வளவே. ஆனால் கரையேறிய மணலை வைத்துக் காப்பதும் இழப்பதும் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. நில அமைப்புத் திட்டம் என்று நிபுணர்கள் கூறுவது இதைத்தான்: எந்த நிலம் எதற்கு உரியது, எதை எங்கே நடுவது, எங்கே கட்டுவது, எங்கே கட்டாமல் விடுவது, நீர் எவ்வழியே செல்வது என்பவற்றை முன்கூட்டியே ஊரார் கூடித் தீர்மானிப்பது.

நமது கடற்கரையின் இயற்கை அமைப்பைப் பாருங்கள். அலை வந்து போகும் ஈர மணல். அதற்கு மேலே காய்ந்த மணல். அதற்கும் மேற்கே மணல்மேடு. அந்த மேடு வீணாகக் கிடக்கும் புறம்போக்கு என்று எண்ணுவது பெருந்தவறு. அது கடலின் சேமிப்புக் களஞ்சியம். ஐப்பசி கார்த்திகையில் கடல் சீறும்போது அலை அம்மேட்டின் அடியைக் கரைத்து மணலைக் கடலுக்குள் கொண்டுபோய்த் திட்டாகப் போடும். அத்திட்டு அடுத்து வரும் அலைகளை உடைக்கும். கோடையில் அமைதியான அலைகள் அதே மணலைத் திரும்பக் கொண்டு வந்து சேர்க்கும். ஆகவே மழைக்காலத்தில் கரை குறுகுவதைக் கண்டு உடனே அஞ்ச வேண்டியதில்லை. கோடையில் அகன்ற மணலைக் கண்டு அதன் மேல் கடை கட்டுவதும் கூடாது. அந்த மணல் நமக்குக் கடலிட்ட கடன். தவணை வந்ததும் வாங்கிக்கொண்டு போகும்.

மணல்மேட்டை மட்டமாக்கிவிட்டு மதிற்சுவர் எழுப்பினால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். கடலைப் பார்த்த மனை என்று விளம்பரம் செய்பவர்கள், கடலும் அம்மனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை எழுதுவதில்லை.

மேட்டைக் கட்டிக் காப்பவை எளிய செடிகள். ஊதா நிறப் பூப் பூக்கும் அடப்பங்கொடி, முள் உருண்டையாகக் காற்றில் உருண்டோடும் இராவணன் மீசை ஆகிய இரண்டும் உப்பையும் வெயிலையும் பொருட்படுத்தாமல் மணலைப் பின்னிப் பிடிக்கும். காற்றில் பறந்து வரும் மணல் இவற்றின் மேல் தங்கும், தங்கத் தங்கச் செடி மேலே வளரும், மேடு உயரும். கோடிக்கணக்கில் செலவாகும் சுவரின் வேலையைச் சல்லிக்காசு செலவின்றிச் செய்யும் இச்செடிகளை, ‘சுத்தம் செய்கிறோம்’ என்று இயந்திரத்தால் வழித்தெடுப்பதை நாம் பல இடங்களில் காண்கிறோம். இதைக் காட்டிலும் கவலை தருவது வேறில்லை. மேட்டின் பின்புறத்தில் தாழை, புன்னை, பூவரசு, பனை ஆகியவை வரிசையாக வர வேண்டும். காற்றின் கடுமை இவ்வாறு படிப்படியாகத் தணிந்து, பின்னாலுள்ள வயலுக்கும் வீட்டுக்கும் பாதுகாப்பு உண்டாகும்.

சவுக்கைப் பற்றி ஒரு சொல். ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நமது கரையில் பரப்பப்பட்ட மரம் அது. பட்டா நிலத்தில் அது நல்ல பயிர். பல குடும்பங்களை வாழ வைக்கிறது. அதற்கு நாம் எதிரியல்ல. ஆனால் கடலை ஒட்டிய முன்மேட்டில் சவுக்கை நெருக்கி நட்டால் அதன் சருகின் கீழ் அடப்பங்கொடி வளராது; தை முதல் பங்குனி வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் இடமிராது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது சாய்ந்த மரங்களை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். பின்வரிசைக்குச் சவுக்கு, முன்வரிசைக்குக் கொடி என்று வைத்துக் கொள்வது நன்று. நாகை மாவட்டத்து நாலுவேதபதி ஊரார் 2002ஆம் ஆண்டில் ஒரே நாளில் 80,244 கன்றுகளை நட்டு உலகச் சாதனைப் பதிவு பெற்றனர். இரண்டு ஆண்டுகள் கழித்து ஆழிப்பேரலை வந்தபோது அத்தோப்பு ஊருக்குத் துணை நின்றது என்பதை அவ்வூரார் இன்றும் சொல்வர். ஊர் கூடினால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்காக இதைக் கூறுகிறோம்.

இனி, விவசாயிகளுக்கு மிக முக்கியமான விஷயத்திற்கு வருவோம். மணல்மேட்டின் அடியில் நல்ல தண்ணீர் இருக்கிறது. துரவு தோண்டிக் குடத்தால் மொண்டு சவுக்கு நாற்றுக்கு ஊற்றியவர்களுக்கு இது தெரியும். மழை நீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல நீர் உப்பு நீரைவிடச் சற்று எடை குறைந்தது, அதனால்தான் மிதக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயரம் நல்ல நீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம் வரை நல்ல நீர் இருக்கும் என்பது நூறாண்டுக்கு முன்பே அறிஞர்கள் கண்ட கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்றில் சக்திவாய்ந்த மோட்டார் வைத்து நீர்மட்டத்தை ஓர் அடி கீழே இறக்கினால், அடியில் உப்பு நீர் நாற்பது அடி மேலே ஏற இடம் கொடுக்கிறோம். ஒரு முறை உப்பேறிய கிணறு திரும்ப இனிப்பதற்குப் பல மழைக்காலங்கள் ஆகும்.

விடுதியில் தங்குபவர்களுக்குக் குளிக்க நீர் வேண்டும்; மறுக்கவில்லை. ஆனால் கடலுக்கு நேர் எதிரே நீச்சல் குளமும், வெயிலில் வாடும் சீமைப் புல்தரையும் எதற்கு? அப்புல்தரைக்கு இறைக்கும் நீர் பக்கத்து நிலக்கடலைக் கொல்லையின் நீர். விடுதிக்கு அனுமதி கேட்டு வருபவரிடம் எத்தனை அறை என்று கேட்கும் பஞ்சாயத்து, நீர் எங்கிருந்து எடுப்பீர்கள், எவ்வளவு எடுப்பீர்கள், கழிவு நீரை எங்கே விடுவீர்கள், கூரையில் விழும் மழையை எங்கே இறக்குவீர்கள் என்பவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

நீரைப் பற்றிப் பேசும்போது மேற்கே திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பொம்மையார்பாளையத்திற்கு மேற்கே செம்மண் மேடு ஒன்று உயர்ந்திருப்பதை அறிவீர்கள். மரங்கள் அழிந்துபோன காலத்தில், அதன் மேல் விழுந்த மழை ஓடையை அறுத்துக்கொண்டு, செம்மண்ணையும் வாரிக்கொண்டு கடலில் போய் விழுந்தது. 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்ட பிறகு அங்கே குடியேறியவர்களும் சுற்றுப்புறக் கிராமத்தாரும் வரப்பெடுத்து, ஓடைகளில் தடுப்பணை கட்டி, நம் பகுதிக்கே உரிய மரங்களைக் கண்டுபிடித்து நட்டார்கள். இன்று அது காடாகியிருக்கிறது. விழும் மழையின் பெரும்பகுதி அங்கேயே இறங்குகிறது. கடற்கரைத் திட்டம் கடற்கரையில் மட்டும் முடிவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டாம். ஏரியைத் தூர்வாருவதும், வரத்துக் கால்வாயில் மனை போடாமல் காப்பதும், கழுவெளி போன்ற நீர்ப்பரப்பை அதன் இயல்பில் விடுவதும் கடலோரக் கிணற்றைக் காக்கும் வேலைகளே. பாலாறும் தென்பெண்ணையும் கொண்டு வரும் மணலே கரையின் வரவு. அணைகளில் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. லாரிகளில் ஒரு பங்கு போய்விடுகிறது. வரவு குறைந்த வீட்டில் செலவைப் பற்றிச் சண்டை வருவது இயல்பு.

அடுத்து, இடம் யாருக்கு என்ற கேள்வி. சில ஊர்களில் அழகுபடுத்தும் வேலை தொடங்கியதும் முதலில் அப்புறப்படுத்தப்படுவது படகும் வலையும் கருவாடு காயப்போடும் தாய்மார்களும்தான். இதை நாம் ஏற்கவில்லை. கரைவலை இழுக்கும் காட்சியையும் அதிகாலையில் படகு கரையேறுவதையும் பார்க்கவே பலர் வருகிறார்கள். அதை அகற்றிவிட்டு வெறும் நாற்காலி போட்டு வைத்தால் ஊருக்கு என்ன தனித்தன்மை இருக்கிறது? அதைவிடப் பெரிய காரணம், அந்த இடம் அவர்களுடையது; அவர்கள் பிழைப்பு அதில் இருக்கிறது. படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், கரைவலைப் பாடு, கோயில் திருவிழா நடக்கும் திடல், கடலுக்குச் செல்லும் பொதுப்பாதை ஆகியவற்றை முதலில் வரைபடத்தில் குறித்த பிறகே, மிச்சமுள்ள இடத்தில் பயணிகளுக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்க வேண்டும். பல ஊர்களில் விடுதி மதில்கள் எழுந்து கடலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகள் ஒவ்வொன்றாக அடைபட்டு வருகின்றன. பாதை அடைபட்ட பிறகு வழக்காடுவதைவிட, இன்றே குறித்து வைப்பது எளிது.

சாலையையும் கட்டடத்தையும் கடலிலிருந்து தள்ளி வைப்பது பற்றி, நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தயக்கம் இருக்கக்கூடும். பிரான்ஸ் தேசத்தின் தென்கரையில், செத் என்ற துறைமுக ஊருக்கும் மார்செய்யான் என்ற ஊருக்கும் இடையே, ஒரு புறம் கடலும் மறு புறம் காயலுமாகப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் மணல்திட்டு இருக்கிறது. சாலை கடலை ஒட்டியே சென்றது. கோடையில் கார்கள் மணல்மேட்டின் மேலேயே வரிசையாக நின்றன; மேடு தேய்ந்தது; கடல் சாலையைக் கடித்தது. இந்நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் அவர்கள் துணிந்து ஒரு முடிவு செய்தனர். சாலையைக் காக்கக் கல்லடுக்காமல், சாலையையே பெயர்த்துப் பின்னாலிருந்த ரயில் பாதையின் ஓரத்திற்குக் கொண்டு போனார்கள். பழைய சாலை இருந்த இடத்தில் மணல்மேட்டை மீண்டும் அமைத்து, புல் நட்டு, மக்கள் நடந்தும் சைக்கிளிலும் செல்லப் பாதை விட்டார்கள். கார் தூரத்தில் நிற்கிறது, கடற்கரை அகன்றிருக்கிறது, மக்கள் முன்போலவே வருகிறார்கள். நமக்கு இன்னும் எளிது. நமது பல ஊர்களில் கடலோரச் சாலை இன்னும் போடப்படவே இல்லை. போடாதிருந்தாலே போதும்.

சட்டமும் நமக்குத் துணையாக இருக்கிறது. 1991இல் முதன்முதலாக வந்து, 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, மணல்மேடுகளும் ஆமை முட்டையிடும் இடங்களும் மிக உயர்ந்த பாதுகாப்புக்கு உரியவை. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர் வரையிலும், மற்ற ஊரகப் பகுதிகளில் 200 மீட்டர் வரையிலும் கட்டடம் எழுப்பத் தடை விதிக்கிறது. 50 மீட்டர் என்பது மிகக் குறைவு என்பது நம் கருத்து. சில புயல்கள் ஒரே இரவில் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். சட்டம் குறைந்த அளவைச் சொல்கிறது; ஊர் அதற்கு மேலும் விடலாம்.

இவற்றைத் தீர்மானிக்கும் இடம் கிராம சபை. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்கள் அது கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். கடலோர ஊர்கள் அன்று கிணற்று நீரின் உப்பைப் பற்றிப் பேசினால் பொருத்தமாயிருக்கும். கூட்டத்திற்கு வெறுங்கையோடு போக வேண்டாம். ஊரிலுள்ள பள்ளி மாணவர்களைக் கொண்டு ஓர் அளவெடுப்பைத் தொடங்குங்கள். கோயில் மதிலோ, பழைய கட்டடத்தின் மூலையோ, அசையாத ஒரு குறியிலிருந்து ஈர மணல் தொடங்கும் இடம் வரை நாடா பிடித்து, மாதம் ஒரு முறை, அமாவாசையன்று அலை ஏறி நிற்கும் நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஊரின் தென்கோடி, நடு, வடகோடி என மூன்று இடங்கள் போதும். இரண்டு மூன்று ஆண்டுகளின் கணக்கு கையில் இருந்தால், பருவத்திற்குப் போய் வரும் மணல் எது, திரும்பாமலே போகும் மணல் எது என்பது தெரிந்துவிடும். அதிகாரிகளும் பொறியியலாரும் வரும்போது, “கடல் அரிக்கிறது ஐயா” என்பதற்கும், “இந்த இடத்தில் மூன்று ஆண்டில் இத்தனை மீட்டர் போயிருக்கிறது, இதோ கணக்கு” என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே காண்பீர்கள். அக்கணக்கை வடக்கேயும் தெற்கேயும் உள்ள பஞ்சாயத்துகளோடு சேர்ந்து வைத்துப் பாருங்கள். தூண்டில் வளைவு கேட்டு ஒரு ஊர் மனுக் கொடுக்குமுன், அடுத்த ஊர்ப் பெரியவர்களை அழைத்துக் கலந்து பேச வேண்டும்.

நடவு வேலைக்கு இந்த ஆண்டே தொடங்கிவிடலாம். ஆடி ஆவணியில் விழும் பனங்கொட்டைகளைப் பிள்ளைகளைக் கொண்டு சேகரித்து, மேட்டின் மேற்குப் புறத்தில் மழைக்கு முன் ஊன்றிவிடுங்கள். பனை பலன் தரப் பதினைந்து ஆண்டுக்குக் குறையாது. அதனால்தான் தாமதிக்கக் கூடாது. அடப்பங்கொடியைக் கணுவோடு முழ அளவு துண்டுகளாக வெட்டி, புரட்டாசிக் கடைசியில் மணலில் பாதி புதையுமாறு படுக்க வைத்தால், வடகிழக்கு மழையில் தானே பிடித்துக் கொள்ளும். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம். பயணிகளும் மீனவர்களும் கடலுக்குச் செல்ல இரண்டு மூன்று வழிகளை மட்டும் விட்டு, அவற்றைக் காற்றுக்கு நேராக விடாமல் சற்றுச் சாய்வாக அமைத்து, பலகையோ பனஞ்சட்டமோ போட்டு வையுங்கள். மற்ற இடங்களில் முதல் ஆண்டு ஆடு மாடு ஏறாமல் பனைமட்டை வேலி வேண்டும். வேலிக்கு உள்ளே மணல் எவ்வளவு உயர்கிறது என்று பார்க்க ஒரு மூங்கில் கம்பில் அடிக்கணக்கு எழுதி நட்டு வைத்தால், அடுத்த பங்குனியில் வந்து நாமும் உங்களோடு சேர்ந்து பார்க்கிறோம்.